அண்ணன் சொல்லும் ஐ7 அப்பாவுக்கு எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. சார் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுடன் கும்பகோணத்தில் இருக்கிறார், நான் புனேயில். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் என்பதால் இப்போதும் தெரிந்தவர்களுக்கு மனு, கடிதம் எல்லாம் அடித்துக் கொடுக்கிறார். வீட்டில் இருந்த பழைய டெஸ்க்டாப் ஓய்ந்துவிட்டது. நான் 2016-இல் வாங்கிய லேப்டாப் சும்மா கிடக்கிறது. அதற்கு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) போட்டுக் கொடுத்தால் ஆகுமா? அண்ணன் "வாங்கினால் ஐ7 ப்ராசஸர் போட்டதாக வாங்கு, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார். என் பட்ஜெட் 45,000 ரூபாய். கம்பெனிகளில் இருந்து வரும் பழைய லேப்டாப் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் பேரனோடு வீடியோ காலில் பேசினால் போதும். அவருக்குத் தனியாக டேப் வாங்க வேண்டுமா? (வாசகி, புனே)

பதில்: திருச்சியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது பட்ஜெட் தொகை அல்ல, "தமிழ் டைப்ரைட்டிங் ஹையர்" என்ற மூன்று சொற்கள்தான். பெற்றோருக்கு லேப்டாப் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ப்ராசஸரில் ஆரம்பித்துக் கலரில் முடிக்கிறார்கள். அப்பாவின் விரல் எதற்குப் பழகியிருக்கிறது, கண் எவ்வளவு தூரத்தில் படிக்கிறது, ரிப்பேர் என்றால் அவர் யாரிடம் கொண்டுபோவார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் மாடல் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை.

முதலில் விரல். விண்டோஸில் தமிழ் 99, அஞ்சல், ஃபொனெட்டிக் கீபோர்டுகள் கூடவே வருகின்றன. ஆனால் உங்கள் அப்பா கற்ற பழைய டைப்ரைட்டர் முறை அதில் இல்லை. அவர் 'கெ' அடிக்கும்போது கொம்பை முதலில் தட்டிவிட்டுத்தான் ககரத்துக்குப் போவார். காகிதத்தில் எந்த வரிசையில் விழுமோ அந்த வரிசை. தமிழ் 99-இல் ககரம் முன்னால், எகரம் பின்னால். ஆயுள் முழுக்க அலுவலகத்தில் தட்டிய கையை இந்த வயதில் மாற்றச் சொல்வது நியாயமில்லை, மாற்றவும் வராது. அவருக்கு இ-கலப்பை அல்லது என்ஹெச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள் வேண்டும். இரண்டிலும் டைப்ரைட்டர் முறை உண்டு. பழைய டெஸ்க்டாப்பில் எதை வைத்து அடித்தார் என்று போனில் கேளுங்கள், அதையே புதியதிலும் போட்டு, அவர் கையால் ஒரு பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கோப்புகள் வானவில், பாமினி மாதிரி எழுத்துருக்களில் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த மனு மாதிரிகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலைந்து தெரியும். "பைல் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று கடைக்கு வருபவர்களில் பலருக்குக் கோப்பு நன்றாகத்தான் இருக்கும், எழுத்துருதான் இருக்காது.

இந்த ஒரு தேவையே சில லேப்டாப்களைக் கழித்துவிடும். விலை குறைந்த சில மாடல்களில் விண்டோஸ் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத எந்த மென்பொருளையும் அதில் போட முடியாது. அதிலிருந்து வெளியே வர இலவச வழி இருக்கிறது. வந்த பிறகு திரும்பப் போக முடியாது, போகவும் வேண்டாம். கடையில் இதைக் கேட்டு அங்கேயே மாற்றி வாங்குங்கள். அடுத்தது ஸ்னாப்டிராகன் சிப் போட்ட லேப்டாப்கள். பேட்டரி நன்றாக நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் பிரிண்டருக்கு அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய லேசர் பிரிண்டருக்கு அது கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். மனு அடித்துக் கொடுப்பவருக்குப் பிரிண்டர் ஓடாவிட்டால் லேப்டாப் எதற்கு? குரோம்புக், மேக்புக் இரண்டையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.

இனி அண்ணனின் ஐ7. அண்ணன்கள் எப்போதும் ஐ7 தான் சொல்வார்கள். அவர்கள் பார்க்கும் வேலைக்கு அது தேவையாகவும் இருக்கலாம். அப்பா வேர்டில் மனு அடிக்கப் போகிறார், பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கப் போகிறார், யூடியூபில் கச்சேரி கேட்கப் போகிறார், பேங்க் பாஸ்புக்கை ஒரு பார்வை பார்ப்பார். இதற்கெல்லாம் இன்டெல் கோர் ஐ3-1215யு அல்லது 1315யு தாராளம். அவற்றிலேயே ஆறு கோர் இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டில் புதிய ஐ7 கிடைக்கிறது என்றால், கம்பெனி வேறு எங்கேயோ கை வைத்திருக்கிறது என்று பொருள்: திரையில், பேட்டரியில், இல்லை கீல் கட்டுமானத்தில்.

ஐ3-க்குக் கீழே இறங்கவும் வேண்டாம். செலரான் என்4500 போட்டுவிட்டு "ஸ்டூடண்ட் லேப்டாப்" என்று 25,000 ரூபாயை ஒட்டி விற்பார்கள். வாங்கிய முதல் வாரம் நன்றாக ஓடும். விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும்போது வேர்டைத் திறந்தால் மவுஸ் அம்புக்குறியே நின்று நின்று நகரும். சேமிப்பு 'இஎம்எம்சி' (எஸ்எஸ்டியை விட மெதுவான மலிவு வகை) என்று போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். எஸ்எஸ்டி என்று தெளிவாக இருக்க வேண்டும். இன்டெலை விட்டு ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பக்கம் போனால் எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைசன் 3 7320யு என்றால் ஏழாயிரம் வரிசை, புதுசு என்று தோன்றும். ஆனால் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 2 என்றால் அது 2019-இல் வந்த ஜென் 2. ரைசன் 5 7530யு-வில் அதே இடத்தில் 3 இருக்கிறது. அது நல்ல சிப், விலை சரியாக வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். 7320யு மோசமில்லை, ஆனால் அதில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்து வரும், பிறகு கூட்ட வழியே கிடையாது.

ரேம் 8 ஜிபி இருந்தால் இன்றைக்கு ஓடும். 16 இருந்தால் ஆறேழு வருஷம் அந்தப் பேச்சே வராது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருப்பதால் 45,000-க்குள் 16 அமைவது கஷ்டம். 8 ஜிபியோடு ஒரு ஸ்லாட் காலியாக உள்ள மாடலைப் பிடியுங்கள், விலை இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டி 256 ஜிபியே அவருக்கு மிச்சம், 512 வந்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

விலை ஒப்பிடும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ஹெச்பி 250, லெனோவோ வி15 போன்ற அலுவலக வரிசைகளில் சில மாடல்கள் ஐந்தாறாயிரம் குறைவாகத் தெரியும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் விண்டோஸ் இருக்கும் இடத்தில் 'டாஸ்' என்று இருக்கும், அதாவது விண்டோஸ் இல்லாமல் வருகிறது. கடைக்காரர் "அதெல்லாம் நான் போட்டுத் தரேன் மேடம்" என்பார். அவர் போட்டுத் தருவது திருட்டு விண்டோஸ். பேங்க் பாஸ்வேர்டு தட்டப் போகும் மெஷினில் அது வேண்டாம். மற்றபடி அந்த வரிசைகளை நான் விரும்பிச் சொல்வேன். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அலுவலகங்கள் மொத்தமாக வாங்குவதால் கீபோர்டு, பேட்டரி, கீல் எல்லாம் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும்.

கண்ணுக்கு வருவோம். 15.6 அங்குலம், 1920க்கு 1080, பளபளப்பு இல்லாத மேட் திரை, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் பேனல். மலிவான பேனல்களில் திரையைக் கொஞ்சம் சாய்த்தால் எழுத்து வெளுத்துப்போகும். கடையில் நின்றபடி ஒருமுறை, உட்கார்ந்தபடி ஒருமுறை பாருங்கள், தெரிந்துவிடும். 14 அங்குலம் தூக்கிக்கொண்டு திரிபவர்களுக்கு. அப்பாவின் லேப்டாப் மேஜையை விட்டு நகரப் போவதில்லை. எழுத்து சின்னதாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். குறைத்தால் எல்லாமே மங்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் உள்ள ஸ்கேலிங்கை 150 சதவீதம் ஆக்குங்கள், போதாவிட்டால் அக்சஸிபிலிட்டியில் எழுத்தளவைத் தனியாகக் கூட்டலாம். மூக்குக்கண்ணாடி விஷயமும் இருக்கிறது. பைஃபோகல் போட்டவர்கள் கீழ்ப்பாதிக் கண்ணாடியால் திரையைப் பார்க்கத் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வாங்கிக்கொள்வார்கள். அப்பா அப்படிச் செய்கிறார் என்றால் லேப்டாப்பை மாற்றிப் பயனில்லை, திரை இருக்கும் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி ஒன்று கண் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

அடுத்து நான் சொல்வதை எந்த விமர்சனத்திலும் பார்க்க முடியாது: உலோக உடல் கொண்ட லேப்டாப் வாங்குவதற்கு முன் வீட்டு எர்த் எப்படி என்று பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அங்கே சார்ஜ் போட்டபடி உலோக லேப்டாப்பில் மணிக்கட்டை வைத்தால் ஜிவ்வென்று இருக்கும். அடாப்டரில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தொடுபவர் மூலமாகப் போகப் பார்க்கும். ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் "ஷாக் அடிக்குது" என்று அம்மா சொன்ன நாளோடு அந்த லேப்டாப் பீரோவுக்குள் போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டுக்காவது எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் உடல் உள்ளதே நல்லது. ஸ்டெபிலைசர் எல்லாம் வேண்டாம். அடாப்டர் 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தானே சமாளிக்கும். இடி மின்னல் காலத்தில் பிளக்கைப் பிடுங்கி வைத்தால் போதும். எப்போதும் சார்ஜிலேயே கிடக்கப் போகிற மெஷின் என்பதால், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டு வையுங்கள். லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும், மற்ற கம்பெனிகளிலும் வேறு வேறு பெயர்களில் உண்டு. இதைச் செய்யாமல் விட்டவர்களின் பேட்டரி உப்பி, டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வருவதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

எந்த கம்பெனி என்பதை கும்பகோணத்தை வைத்து முடிவு செய்யுங்கள், யூடியூபை வைத்து அல்ல. வாங்கும் முன் அந்தந்த கம்பெனி கஸ்டமர் கேரில் அப்பா வீட்டுப் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். "கேரி-இன்" என்றால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டியது அப்பாதான், நீங்கள் இல்லை. ஆன்சைட் கிடைத்து, மூன்று வருஷத்துக்கு நீட்டிக்க மூன்று நான்காயிரம் கேட்டால் கொடுக்கலாம். உங்களுக்காக வாங்கினால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். விலை வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்றால் ஆன்லைனை விட்டு கும்பகோணத்துக் கடையிலேயே அப்பா பெயரில் பில் போட்டு வாங்குங்கள். "தம்பி, நெட் வரமாட்டேங்குது" என்று போய் நிற்க அவருக்கு ஒரு கடை வேண்டும்.

உங்கள் 2016 லேப்டாப் வேண்டாம். எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும், அது 2017-இல்தான் வந்தது. குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கென்றால் செய்துகொள்ளுங்கள், அப்பாவின் பேங்க் கணக்குக்கு வேண்டாம். லினக்ஸ் மின்ட் போடலாம், நன்றாகவே ஓடும். ஆனால் மாட்டிக்கொண்டால் அப்பா கூப்பிட கும்பகோணத்தில் ஆள் கிடைக்காது.

கம்பெனிப் பழசு மோசமான யோசனை அல்ல. லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் வரிசைகளின் கீபோர்டு, புதிய 45,000 ரூபாய் லேப்டாப்பை விட நன்றாக இருக்கும். டைப் அடிப்பவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் வாங்கும் இடத்தில் நீங்கள் நேரில் இருக்க வேண்டும். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது, புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது மிச்சம் உள்ளதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பாதிக்கும் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பயாஸை (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையை) திறந்து காட்டச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ, பழைய கம்பெனியின் பூட்டு ஏதாவது இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். கடை வாரன்டி ஆறு மாதம் என்பார்கள், கடை சென்னையில், மெஷின் கும்பகோணத்தில். நீங்களும் புனேயில் இருப்பதால் புதியதே வாங்குங்கள் என்பதுதான் என் பக்கம்.

வாங்கியாயிற்று என்றால் நேராக அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு நாள் அதற்கென்று ஒதுக்குங்கள். என் கடைக்கு வரும் பெரியவர்களின் லேப்டாப்களில் ரிப்பேர் என்று எதுவும் இல்லாதவையே நிறைய. நேற்று வந்தவர் முகத்தில் பயம். திரையின் வலது கீழ் மூலையில் நிமிஷத்துக்கு ஒருமுறை "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. வைரஸ் ஒன்றும் இல்லை. ஏதோ ஜோசியத் தளத்தில் "அலவ்" என்று கேட்டிருக்கிறது, அவரும் அமுக்கியிருக்கிறார், அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம்தான் இப்படி வருகிறது. அதை அமுக்கினால் ஒரு போன் நம்பர் வரும். கூப்பிட்டால் எதிரே பேசுபவர் ரிமோட் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்வார். மிச்சத்தைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். குரோமில் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று ஒரு அமைப்பு இருக்கிறது, முதலில் அதைப் போடுங்கள். அப்பாவின் கணக்கை ஸ்டாண்டர்டு கணக்காக வைத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வரும் ட்ரையல் ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள், விண்டோஸின் டிஃபெண்டரே போதும். அந்த ட்ரையல் "காலாவதி ஆகிறது" என்று பயமுறுத்துவதும் நிற்கும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கை அப்பாவின் பெயரில், அவருடைய மெயில், அவருடைய போன் நம்பர் கொடுத்துத் தொடங்குங்கள். கூட வரும் ஆஃபீஸ் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. இப்போது வரும் விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. என்றைக்காவது மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நீலத் திரையில் நிற்கும். அந்த கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். அதை எடுத்து அப்பாவின் டைரிக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். கணக்கு யார் பெயரில் என்றே தெரியாமல் வந்து நிற்பவர்களிடம் "எல்லாம் போச்சு" என்று சொல்லும் வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

மவுஸ் கட்டாயம் வாங்குங்கள், ஒயர் உள்ளதே நல்லது. டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஃபோல்டர் ஆப்ஷனில் ஒரே கிளிக்கில் திறக்கும்படியும் செய்யலாம். டச்பேடில் மூன்று விரல் சைகைகளை அணைத்துவிடுங்கள். கை பட்டு எல்லா விண்டோவும் கீழே போய்விட்டால் அவர் அழித்துவிட்டதாகவே நினைப்பார். கேமராவுக்கு மேலே சின்னத் தகடு ஒன்று நகரும். அதை ஒருமுறை நகர்த்திக் காட்டுங்கள், "முகம் தெரியலை" என்று வரும் போன்களில் பாதிக்கு அதுதான் காரணம். பக்கத்தில் ஒரு யுஎஸ்பி ஸ்பீக்கர் வைத்தால் கச்சேரி கச்சேரியாகக் கேட்கும். தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே குயிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒருமுறை மாடியில் உட்கார்ந்து கீழே இருக்கும் அப்பாவின் மெஷினில் பழகிப் பாருங்கள். உதவுபவர் சொல்லும் குறியீட்டை அப்பா தன் மெஷினில் அடித்தால்தான் இணைப்பு வரும், மகள் தவிர வேறு யார் குறியீடு சொன்னாலும் அதில் அடிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

உயிர்ச்சான்றுக்கு இது உதவுமா என்று அப்பா கேட்பார். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்றுக்கு ஆண்ட்ராய்டு போனில் முகம் காட்டினாலே போதும். அதற்கென்று கைரேகைக் கருவி வாங்கி லேப்டாப்பில் மாட்ட வேண்டியதில்லை.

அம்மாவுக்கு டேப் வேண்டாம் என்றே நினைக்கிறேன். அவர் கை போனுக்குப் பழகியிருக்கிறது, பேரன் முகம் சின்னதாகத் தெரிவதுதான் குறை. அப்பாவின் லேப்டாப்பில் அம்மாவின் வாட்ஸ்அப்பை இணைத்து, டெஸ்க்டாப்பில் அந்த ஒரு ஐகானைப் பெரிதாக வைத்துக் கொடுங்கள், விண்டோஸுக்கான வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பேசும் நேரத்துக்கு அப்பா மனு அடிப்பதை நிறுத்திக்கொள்வாரா என்பதை மட்டும் நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அப்போது டேப் வாங்கிக்கொள்ளலாம். திரை பத்து அங்குலம் இருக்கட்டும், வீட்டில் வைஃபை இருந்தால் சிம் போடும் மாடல் தேவையில்லை.